கோணத்தின் கைகள்

நாகர்கோவிலில் கோணம் என்றொரு இடம் உண்டு. பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அங்கேதான் இருக்கின்றன. பேருந்தில் நடத்துநர் அந்தப் பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்கும்போதெல்லாம், தமிழ் படித்த பழக்கத்தால் நமக்குச் சொல்லைப் பற்றிய யோசனைதான் ஓடுமே தவிர, கணக்கைப் பற்றிய யோசனை வந்ததே இல்லை. அதை வரவைத்தது ஆறாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள்.

அவளுடைய கணக்குநோட்டில் இரண்டு கோணங்கள் வரையப்பட்டிருந்தன. இரண்டும் 30 பாகை. ஒன்றின் புயங்கள் குட்டையானவை. மற்றொன்றின் புயங்கள் தாளின் ஓரம்வரை நீண்டவை. எது பெரியது என்பது கேள்வி. நீண்டதே பெரியது என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் குறுக்குக்கோடு விழுந்திருந்தது.

"அப்பா, இதுக்குக் கை நீளமா இருக்கே. அப்போ இதுதானே பெரிசு?" என்றாள்.

"இல்லை, இரண்டும் ஒன்றுதான்" என்றோம்.

"ஏன்?"

அந்த 'ஏன்' நம்மைத் தடுத்து நிறுத்தியது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று பேசிப் பிழைப்பவர்கள் நாம். 'அது அப்படித்தான்' என்ற விடையை மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் தரமாட்டோம். அன்று அந்த விடையையே மகளுக்குக் கொடுத்தோம். அவளும் பேசாமல் நோட்டை மூடிவைத்தாள். குழந்தைகள் கணக்கைக் கைவிடுவது இப்படித்தான் போலும். தெரியாததால் அன்று, கேட்டதற்குப் பதில் வராததால். அந்த உறுத்தல் தீர வேண்டிப் படித்ததும் கேட்டதுமே இக்கட்டுரை.

முதல் விடை வீட்டு வாசலிலேயே இருந்தது. கதவைத் திறக்கிறோம். கீலுக்கு அருகில் கதவு ஒரு சாண்தான் நகர்கிறது. கைப்பிடி இருக்கும் ஓரத்தில் நான்கு சாண் நகர்கிறது. ஆனால் கதவு ஒன்றே. அது திறந்த அளவும் ஒன்றே. ஆக, கோணம் என்பது நீளம் அன்று. இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவும் அன்று. முனையில் நின்று எவ்வளவு திரும்பினோம் என்பதே கோணம். ஒரு முழுச் சுற்றில் அது எத்தனையாவது பங்கு என்பதே அதன் அளவு. புயத்தை வேண்டுமட்டும் நீட்டிக்கொண்டு போகலாம்; திருப்பம் மாறாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த விளக்கம் நாம் அன்றாடம் சொல்லும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாகை என்பது பாகம் என்பதோடு உறவுடைய சொல். பாகமாவது பங்கு. வட்டத்தை 360 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பாகை. பாகையை அறுபதாக்கினால் ஒரு கலை. கலையை அறுபதாக்கினால் ஒரு விகலை. சோதிட நூல்களிலும் பஞ்சாங்கத்திலும் காலங்காலமாகப் புழங்கும் சொற்கள் இவை. பன்னிரண்டு இராசிகள், இராசிக்கு முப்பது பாகை என்பது சோதிடம் அறிந்த யாரும் சொல்லும் கணக்கு. பிள்ளைக்கு 'டிகிரி' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் பங்கை மறந்துவிட்டோம்.

கோணம் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. வடமொழியில் வழங்கும் கோணம், வானநூலோடு கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழிலோ கோண், கோணு, கோணல், கோட்டம் என்று வளைவைக் குறிக்கும் சொற்குடும்பமே இருக்கிறது. எது எதிலிருந்து வந்தது என்ற வழக்கை இங்கே தீர்க்கப் புகவில்லை. வளைதல், திரும்புதல் என்ற கருத்து தமிழ்க்காதுக்கு அந்தச் சொல்லில் இயல்பாகவே கேட்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அதென்ன 360? நூறு என்று வைத்திருக்கக் கூடாதா? அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய பாபிலோனியரிடம் இந்தக் கணக்கு தொடங்குகிறது. கதிரவன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 365 நாள் ஆவதால், நாளுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு நகர்வதாகக் கொள்ளவும் அது வசதி. மேலும் 360 ஐ 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 ஆகிய எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். நூற்றை மூன்றாகப் பங்கிட முடியாது.

பங்கையும் நீளத்தையும் இணைத்துப் பார்த்தவர்களும் நம் நாட்டில் இருந்தனர். கி.பி. 499 ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஆரியபடீயத்தின் கணக்கு 3438 என்ற எண்ணை மையமாகக் கொண்டது. முழு வட்டத்தில் 21,600 கலைகள். சுற்றளவு 21,600 ஆனால் ஆரம் எவ்வளவு? ஏறத்தாழ 3438. அதாவது வளைவை அளக்கும் அதே கலையால் ஆரத்தையும் அளந்துவிட்டார்கள். இன்று கல்லூரிக் கணிதத்தில் ரேடியன் என்று கற்பிக்கப்படும் அளவும் இதே உறவிலிருந்து பிறப்பதுதான். ஒரு ரேடியன் என்பது ஏறத்தாழ 3438 கலையே. புயத்தின் நீளத்தைக் கொண்டு வளைவின் நீளத்தை வகுத்துவிட்டால் கோணம் கிடைத்துவிடும். புயம் இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும். வகுத்த ஈவு மாறாது. மகளுக்குச் சொல்லத் தவறிய விடை இதுதான்.

ஏட்டுக் கணக்கு இருக்கட்டும். கோணத்தை அளக்காமல் ஒருநாளும் பிழைக்க முடியாதவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வீடு கட்டும் கொத்தனாரிடம் இதுபற்றிப் பேச்சுக் கொடுத்தோம். கடைக்காலுக்கு மூலை பார்க்க அவர் மூலைமட்டத்தை மட்டும் நம்புவதில்லை. "சின்ன மட்டத்திலே நூலிழை தப்பினா, அந்த மூலையிலே சாண் கணக்குக்குப் போயிரும் சாரே" என்றார். ஆகவே ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று கயிறு பிடிக்கிறார். பெரிய வீடானால் 6, 8, 10. கோணத்தின் அளவு அதனால் மாறுவதில்லை. தவறு மட்டும் குறைகிறது. அவருடைய இந்தப் பேச்சை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கடலில் மூலைமட்டம் செல்லாது. அங்கே விரல்தான் கருவி. கையை நேராக நீட்டி, அடிவானத்துக்கும் விண்மீனுக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்ப்பது இந்துமாக்கடலின் பழைய மாலுமிகள் வழக்கம். அரபு மாலுமிகள் வட்டத்தை 224 விரலாகக் கொண்டனர். அப்படியானால் ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. சோழமண்டலக் கரையின் கலம்செலுத்துவோர் இதற்கென்று இராப்பலகை என்ற கருவியை வைத்திருந்தனர். ஒரு சிறு பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லால் கடித்துக் கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்டினால், பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவமீனிலும் பொருந்த வேண்டும். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதுவே அகலாங்கு. 1850 ஆம் ஆண்டில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி இக்கருவியைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

துருவமீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கும் ஏறத்தாழ அத்தனை பாகை. குமரிமுனையின் அகலாங்கு 8 பாகை 4 கலைக்குச் சற்று மேல். விரல் கணக்கில் சொன்னால் ஐந்து விரல். வடக்கே போகப் போகத் துருவமீன் உயரும். தெற்கே போகப் போகத் தாழும்.

கரையோர மீனவர்களின் முறை வேறு. கடலுக்கடியில் மீன் அடையும் பாறைப் பாரைத் தேடிச் செல்பவர், கரையில் ஒரு தேவாலயக் கோபுரத்தையும் பின்னால் ஒரு மலைமுடியையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவருவார். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேராக்குவார். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அவர் தேடிவந்த இடம். திருவனந்தபுரக் கடற்கரையில் இதற்குக் கணிச்சம் என்று பெயர். தண்ணீரின்மேல் நாடாவோ சங்கிலியோ இல்லாமல், திசைகளை மட்டும் கொண்டு ஓர் இடத்தைக் குறித்துவிடுகிறார்கள்.

இதே உத்தியைக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தையே அளக்க ஒருவர் புறப்பட்டார். அவர் பிரிட்டிஷ் படையதிகாரி வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார். அந்த ஒரு கோட்டுக்கே இரண்டு மாதம் போல ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் முதன்மையாக அளந்தவை கோணங்களே. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையொன்றைப் பார்த்து இரு கோணங்களைக் குறித்தால், நடந்தே போகாமல் அந்த மலையின் தொலைவு கணக்கில் கிடைத்துவிடும். கிடைத்த அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தொடுத்துக்கொண்டே போனார். இடையிடையே சரிபார்க்க மட்டும் வேறு சில அடிக்கோடுகளைச் சங்கிலியால் அளந்தார். பாளையங்கோட்டைப் பக்கம் அளந்ததும் அவற்றுள் ஒன்று.

வடக்குத் தெற்காக நீளும் அவருடைய பெருவளைவு தெற்கே வந்து முடிந்த இடம் குமரிமுனைக்கு அருகே, ஆவணங்களில் புன்னை என்று குறிக்கப்பட்ட நிலையம். அதன் அகலாங்கு 8 பாகை 9 கலைக்குச் சற்று மேல். ஒரு கலை நிலத்தில் ஏறத்தாழ 1.84 கிலோமீட்டர்; ஆகக் குமரிமுனைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் ஏறத்தாழ அதே அகலாங்கில்தான் நிற்கிறது. புன்னையிலும் வடக்கே தொலைவிலுள்ள இன்னொரு நிலையத்திலும் நின்று, ஒரே விண்மீன் உச்சியிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று பார்த்தால், இரண்டின் வேறுபாடே அவ்விரு இடங்களுக்கும் இடையிலான பூமிவளைவின் கோணம். தொலைவு முக்கோணங்களால் தெரியும். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்பது வந்துவிடும். புன்னைப் பக்கத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், இமயத்தின் அடிவாரத்தில் அதைவிடக் கால் கிலோமீட்டர் கூடுதல். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதன் விளைவு இது.

இவ்வளவு நுட்பமான வேறுபாட்டைக் காண எப்படிப்பட்ட கோணமானி வேண்டும்? இங்கேதான் மகளின் கேள்வி திரும்பி வருகிறது. ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியின் ஆரம் ஐந்து சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் விளிம்பில் ஒரு பாகைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே இருக்கும். லாம்டனின் தியோடலைட்டில் கிடைவட்டத்தின் விட்டம் மூன்றடி. அதன் விளிம்பில் ஒரு பாகைக்கு 8 மில்லிமீட்டர். ஒரு கலைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஒரு விகலைக்கோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு போல. நுண்ணோக்கி வைத்துத்தான் படிக்க முடியும். கருவியின் எடை அரை டன். இலண்டனில் செய்யப்பட்டு வரும் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, மொரீஷியசுக்குப் போய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பப்பட்ட கருவி அது.

ஒரு விகலைக்கு ஏன் அவ்வளவு பாடு? 50 கிலோமீட்டர் தொலைவில் ஒரு விகலை என்பது ஒரு சாண். கொத்தனார் சொன்ன அதே கணக்கு. முனையில் கண்ணுக்குத் தெரியாத பிழை, நீண்டு போன கையின் நுனியில் சாணாகிவிடும்.

1808 இல் தஞ்சைப் பெரியகோயிலில் அந்தக் கருவிக்கு விபத்து நேர்ந்தது. காவிரிச் சமவெளியில் மலைகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். எனவே உயரத்துக்குக் கோயில் கோபுரங்களை நாடினார்கள். மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்தது. வேறு ஒருவராயின் பணியையே கைவிட்டிருப்பார். லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாரக்கணக்கில் உடனிருந்து நெளிவை எடுத்தார். அப்படிச் சீர்செய்த வட்டத்தைச் சுமந்துகொண்டுதான் தென்முனையை நோக்கி வந்தார்கள்.

மகளின் நோட்டில் இருந்த சமதளக் கோணத்துக்கு மட்டுமே 180 என்ற கூட்டுத்தொகை முற்றும் பொருந்தும் என்பதையும் இந்த அளவைப்பணியில் காணலாம். பூமி உருண்டை, அதன்மேல் விரியும் பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகையைச் சற்று மிஞ்சும். ஏறத்தாழ 196 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை மிகை. குமரி மாவட்டத்தின் பரப்பு 1,680 சதுர கிலோமீட்டர் அளவு. அத்தனை பரப்புள்ள ஒரு முக்கோணத்தில் மிகை எட்டரை விகலை. நல்ல கருவி இருந்தால் நாஞ்சில்நாட்டு மலைமுடிகளில் நின்று மூன்று கோணங்களை அளந்தே பூமி உருண்டை என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் வியப்போடு மட்டும் சொல்லிப் போவது நேர்மையாகாது. பெருவளைவு தெற்கு நோக்கி வந்த அதே ஆண்டுகளில்தான், தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராக எழுந்தார். 1809 பிப்ரவரியில் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையை உடைத்துக்கொண்டு நாஞ்சில்நாட்டுக்குள் நுழைந்தது. அவ்வாண்டே வேலுத்தம்பி மாண்டார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்து வரைபடமும் விவரக்குறிப்பும் ஆக்கினார்கள். ஒரு நாட்டை அளப்பது அறிவுப்பணி மட்டுமன்று, ஆள்வதற்கான வழியும்கூட. குளமும் வயலும் கோட்டையும் தாளில் ஏறியபின் வரிக்கும் படைக்கும் பாதை எளிதாகிறது.

இன்னொன்றும் உண்டு. தூரத்து மலையில் கொடி பிடித்து நிற்க ஆள் இல்லாமல் கோணம் பார்க்க முடியாது. கருவியைத் தூக்கியவர், காடு வெட்டியவர், சங்கிலி பிடித்தவர், காய்ச்சலில் மலைமேலேயே மடிந்தவர் என எத்தனையோ பேர். லாம்டன் 1823 இல் வழியிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் பொறுப்பேற்று 1841 வாக்கில் வளைவை இமய அடிவாரம்வரை கொண்டுசென்றார். அவர் பெயர் ஒரு சிகரத்துக்கு 29,002 அடி என்ற கணக்கோடு சூட்டப்பட்டது. அந்த உயரமும் தொலைவிலிருந்து கோணம் பார்த்துக் கண்டதே. கொடி பிடித்தவர்களின் பெயர் எந்த முடிக்கும் இல்லை.

இவ்வளவும் படித்தபின் ஒருநாள் மாலை மகளை அழைத்துக்கொண்டு சுசீந்திரத்தை அடுத்த வயல்வெளிக்குப் போனோம். இருட்டியதும் வடக்கே மலைத்தொடரின் கருநிழலுக்குச் சற்று மேலே, மங்கலாகத் துருவமீன் தெரிந்தது. கையை நீட்டி விரல்களை அடுக்கச் சொன்னோம். அடிவானம் மலைக்குப் பின்னால் மறைந்திருந்ததால் தரைமட்டத்தைக் குத்துமதிப்பாகக் கொண்டோம். நமக்கு ஐந்து விரல் வந்தது. அவளும் எண்ணினாள்.

"எனக்கும் அஞ்சுதான் வருது. என் விரல் சின்னதாச்சே அப்பா?"

இம்முறை நாம் பதில் சொல்லவில்லை. அவள் தன் விரலைப் பார்த்தாள்; பிறகு தன் கையின் நீளத்தைப் பார்த்தாள்; நம் கையோடு ஒட்டிவைத்து ஒப்பிட்டாள்.

"என் கையும் சின்னதுதானே" என்றாள்.

சிறிய விரல், சிறிய கையின் நுனியில் இருப்பதால் வானத்தில் அதே பங்கைத்தான் மறைக்கிறது. நீண்ட புயம் கோணத்தைப் பெரிதாக்குவதில்லை. தவறைக் கண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவே. மூன்றடி வட்டத்தைச் சுமந்தவர்களும் கயிறு பிடிக்கும் கொத்தனாரும் அறிந்திருந்ததை அவள் தானாகவே எட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே பென்சிலால் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நாம் கேட்கவில்லை.